சிறந்தவரா, பொருந்துபவரா?

விளையாட்டில் வென்றவருக்குப் பரிசளிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தோற்றவரை அழைத்து, பரிசில்களுள் மேலானதை அவர் கையிற் கொடுக்கும் வழக்கமொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருந்துவருகின்றது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அந்நாட்டின் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத்தை நடத்துவது, என்.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கமாகும். அச்சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் ஆண்டுக்கொருமுறை கூடி, பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் புதிதாக வரும் இளைஞர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. முந்திய பருவத்திலே படுதோல்வி கண்ட கழகங்கள் இத்தெரிவில் முன்னிற்கும். வெற்றிமேல் வெற்றி கண்டவை வரிசையின் கடைக்கோடியில் நிற்கும். செல்வமும் புகழும் படைத்த நகரத்துக் கழகங்களே நல்ல வீரர் அனைவரையும் வளைத்துக்கொள்ளாதிருக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

ஓர் இளைஞனைத் தெரிவதற்கு இத்துணை ஆரவாரம் எதற்கு என்று கேட்கலாம். கிரிக்கெட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். அங்கே ஒருவர் எத்துணைச் சிறந்தவராயினும் ஏனைய பதின்மரின் குறையை அவர் ஒருவரே நிறைத்துவிட முடியாது. கூடைப்பந்தாட்டத்திற் களத்தில் நிற்போர் ஐவரே. நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் வரையில் ஒரு நல்ல வீரர் களத்தைவிட்டு அகலாதிருப்பார். தாக்குவோரும் அவரே, தடுப்போரும் அவரே. ஆகவே ஒரே ஒரு மனிதனின் வருகையால் ஒரு கழகத்தின் தலைவிதி பத்தாண்டுக்கு மாறிவிடுவதுண்டு. இடிந்த வீட்டை அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்ப முயலும் கழகத்துக்கு இத்தெரிவு எத்துணை முக்கியமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

முதலிடம் எவருக்கு என்பதைத் துணியும் முறை பலமுறை மாறியிருக்கின்றது. 1966ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை, கிழக்குப் பிரிவிலே கடைசியாக வந்த கழகத்துக்கும் மேற்குப் பிரிவிலே கடைசியாக வந்த கழகத்துக்கும் இடையே நாணயம் சுண்டிப் பார்ப்பர். தோற்றால் இலாபம் உண்டு என்று விதி இருந்தால், தோற்க விரும்புவோரும் தோன்றுவர் அன்றோ? 1983–84 பருவத்தின் இறுதியில் ஹூஸ்டன் ரொக்கட்ஸ் கழகம் வேண்டுமென்றே தோற்றது என்ற ஐயம் பரவலாக எழுந்தது. அதன் விளைவாக 1985இல் சீட்டுக்குலுக்கல் முறை புகுத்தப்பட்டது. ஏழு கழகங்களின் பெயர்கள் ஏழு உறைகளில் இடப்பட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டன. பின்னர் அதிகம் தோற்றவருக்கு அதிக வாய்ப்பு என்ற நியதி வந்தது. 2019இல் அதுவும் தளர்த்தப்பட்டு, மிகவும் பின்தங்கிய மூன்று கழகங்களுக்கும் நூற்றுக்குப் பதினான்கு வீதமான ஒரே அளவு வாய்ப்பு வழங்கப்பட்டது. தோல்வியைத் தேடிச் செல்வோரைத் தடுப்பதற்கு இன்னும் முழுமையான மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

முறை எவ்வாறாயினும், முன்வரிசையில் நிற்கும் கழகத்தை ஆண்டுதோறும் வாட்டும் வினா ஒன்றே. கிடைக்கும் இளைஞர்களுள் ஆற்றலிற் சிறந்தவரை எடுப்பதா, அன்றி நம்மிடம் உள்ள குறையை நிரப்பப் பொருந்துபவரை எடுப்பதா? இவ்வினா நேற்றுத் தோன்றியதன்று. அதற்குக் கிடைத்த விடைகளுள் மிகவும் பேசப்பட்டது 1984ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் நியூயோர்க் நகரில் நிகழ்ந்தது.

அன்று முதலிடம் ஹூஸ்டனுக்கு, இரண்டாமிடம் போட்லண்ட் ட்ரெயில் பிளேசர்ஸ் கழகத்துக்கு, மூன்றாமிடம் சிக்காகோ புல்ஸ் கழகத்துக்கு. ஹூஸ்டன் முந்திய பருவத்தில் 29 ஆட்டங்களில் வென்று 53இல் தோற்றிருந்தது. சிக்காகோ 27இல் வென்று 55இல் தோற்றிருந்தது. இவ்விரண்டும் புதிதாய்க் கட்டியெழுப்பப்பட வேண்டிய கழகங்கள். போட்லண்டின் நிலை வேறு. அது 48 ஆட்டங்களில் வென்ற வலிமையான கழகம். அவ்வாறாயின் அதற்கு இரண்டாமிடம் கிடைத்தது எங்ஙனம்? 1981இல் தன் வீரரொருவரை இந்தியானா கழகத்துக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக 1984ஆம் ஆண்டுக்குரிய இந்தியானாவின் தெரிவுரிமையைப் போட்லண்ட் பெற்றிருந்தது. அவ்வீரர் இந்தியானாவில் ஆடியது ஒரே பருவம். மூன்றாண்டுக்குப் பின் இந்தியானா கிழக்குப் பிரிவிலே கடைசியாக வந்தது. அதன் துன்பத்தின் பயன் போட்லண்டின் மடியில் விழுந்தது.

தெரிவுக்கு நின்ற இளைஞர்களுள் மூவரை மட்டும் இங்கு நோக்கினாற் போதும். முதல்வர் நைஜீரியாவின் லாகோஸ் நகரிற் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவோன். கைப்பந்தாட்டமும் காற்பந்தாட்டமும் ஆடி வளர்ந்து, பதினைந்து வயதளவிலேதான் கூடைப்பந்தைத் தொட்டவர், ஏழடி உயரம், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைய வீரர். இரண்டாமவர் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் போவி, ஏழடி ஓரங்குலம், அவரும் மைய வீரர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் ஏற்பட்ட முறிவினால் இரண்டு பருவங்கள் முழுமையாக ஆடாதிருந்து மீண்டவர். மூன்றாமவர் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் மைக்கல் ஜோர்டன், ஆறடி ஆறங்குலம். ஆங்கிலத்தில் 'கார்ட்' என வழங்கும், கூடையை விட்டு விலகி நின்று பந்தை நடத்தியும் எறிந்தும் புள்ளி குவிக்கும் இடத்துக்குரியவர்.

மைய வீரர் என்பார் கூடையின் அருகிலே நின்று, எதிரி எறியும் பந்தைத் தடுத்து, தெறித்து வரும் பந்தைக் கைப்பற்றி, குறுகிய தூரத்திலிருந்து கூடையில் இடுபவர். கூடை தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருப்பதால், அக்காலத்திலே உயரமே செல்வம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. நல்ல மைய வீரர் இல்லாத கழகம் சம்பியன் பட்டம் பெறாது என்று அனுபவசாலிகள் கூறினர். அது வெறும் மூடநம்பிக்கையுமன்று. போட்லண்டே 1977இல் பட்டம் வென்றது பில் வோல்டன் என்னும் மைய வீரரை நடுவாகக் கொண்டே. அவருடைய பாதங்கள் பழுதுற்ற பின் அக்கழகம் அடைந்த தவிப்பையும் மறந்துவிடலாகாது. வைத்திருந்து இழந்தவனின் ஏக்கம் அது.

ஹூஸ்டன் தயங்காமல் ஒலாஜுவோனை எடுத்தது. அடுத்துப் போட்லண்டின் முறை. அக்கழகத்தில் ஜோர்டன் ஆடக்கூடிய இடத்துக்கு இருவர் இருந்தனர். ஒருவர் அப்பருவத்திற் புள்ளி குவிப்பதிற் கழகத்தின் முன்னணியில் நின்ற ஜிம் பக்ஸன். மற்றவர் முந்திய ஆண்டின் தெரிவிற் பதினான்காவதாக எடுக்கப்பட்ட கிளைட் ட்ரெக்ஸ்லர் என்னும் இளைஞர். இருப்பதையே மீண்டும் வாங்குவது விவேகமாகுமா? இல்லாததையன்றோ வாங்க வேண்டும்? போட்லண்ட் சாம் போவியைத் தெரிந்தது. ஜோர்டன் சிக்காகோவுக்குச் சென்றார். அதற்கு முன்னர், அவ்வாண்டு ஒலிம்பிக் அணியின் பயிற்றுநராயிருந்த பொப் நைற், ஜோர்டனையே எடுக்குமாறு போட்லண்டுக்குக் கூறினார் என்றும், எமக்குத் தேவை மைய வீரர் என்று பதில் வந்தபோது, அவ்வாறாயின் ஜோர்டனை அவ்விடத்தில் ஆடவிடுங்கள் என்றார் என்றும் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கிவருகின்றது.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். சிக்காகோ 1991 முதல் 1993 வரையும் 1996 முதல் 1998 வரையும் ஆறு பட்டங்களை வென்றது. போவி போட்லண்டில் ஐந்து பருவங்கள் இருந்தும் ஆடியவை 139 ஆட்டங்களே. ஒரு முழுப் பருவம் அவர் களமிறங்கவே இல்லை. இதனைக் கொண்டு போட்லண்டின் அதிகாரிகளை அறிவிலிகள் என்று நகையாடுவோர் பலர். அந்நகைப்பு அவ்வளவு நியாயமானதன்று. ஹூஸ்டனும் ஜோர்டனை விட்டு மைய வீரரைத்தான் எடுத்தது. அதற்காக அதனை எவரும் இகழ்வதில்லை. 1994இலும் 1995இலும் ஒலாஜுவோன் அந்நகருக்கு இரு பட்டங்களை ஈட்டிக் கொடுத்தமையே அதற்குக் காரணம். பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த பின் விடைத்தாளைத் திருத்துவது எவர்க்கும் எளிது.

ஆயினும் ஹூஸ்டனின் தெரிவில் பலர் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு. அக்கழகத்திடம் ஏற்கெனவே ஒரு மைய வீரர் இருந்தார். அவரும் சாதாரணமானவரல்லர். 1983ஆம் ஆண்டின் தெரிவில் முதலாவதாக எடுக்கப்பட்டு, தம் முதற் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் என்ற விருதைப் பெற்ற, ஏழடி நான்கங்குல உயரமுள்ள ரல்ஃப் சாம்சன். போட்லண்ட் கடைப்பிடித்த விதியின்படி பார்த்தால், ஹூஸ்டனுக்கு மற்றொரு மைய வீரர் வேண்டியதே இல்லை. ஜோர்டனைப் போன்ற ஒருவரே வேண்டும். ஹூஸ்டன் அவ்வாறு எண்ணவில்லை. இருவரையும் ஒருங்கே நிறுத்தி ஆடவைத்தது. மக்கள் அவர்களை இரட்டைக் கோபுரங்கள் என்றனர். 1986இல் அக்கழகம் இறுதிப் போட்டிவரை சென்று பொஸ்டனிடம் தோற்றது. அதற்குப் பின் சாம்சனின் முழங்கால் கெட்டது. 1987 டிசம்பரில் அவர் வேறு கழகத்துக்கு மாற்றப்பட்டார். மிஞ்சி நின்றவர் ஒலாஜுவோன். தேவைக்கு மேலானவர் என்று 1984இல் ஒதுக்கியிருக்கக்கூடிய ஒருவரே நான்காண்டு கழியுமுன் அக்கழகத்தின் ஒரே தூணானார்.

இத்தகைய திருப்பம் அதற்கு முன்னும் நிகழ்ந்ததுண்டு. 1956ஆம் ஆண்டுத் தெரிவில் முதலிடம் ரொச்செஸ்டர் ரோயல்ஸ் கழகத்துக்கு இருந்தது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த பில் ரசல் என்னும் மைய வீரர் அவ்வாண்டின் தெரிவுக்கு நின்றார். ஆனால் ரொச்செஸ்டரிடம் மொரிஸ் ஸ்ரோக்ஸ் என்னும் வலிமைமிக்க இளைஞர் முன்னரே இருந்தார். தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதில் அவருக்கு இணையானோர் அரியர். ஆகவே, அதே வேலைக்கு இன்னொருவர் எதற்கு என்று கருதி, சைஹியூகோ கிரீன் என்னும் கார்டை எடுத்தனர். ரசலின் உரிமை செயின்ட் லூயிஸ் வழியாகப் பொஸ்டனைச் சென்றடைந்தது. 1958 மார்ச்சில் ஆட்டமொன்றில் ஸ்ரோக்ஸ் கீழே விழுந்து தலையில் அடிபட்டார். சில நாட்களில் உடல் செயலிழந்தது. அவர் மீண்டும் ஆடவே இல்லை. ரசலோ 1957 முதல் 1969 வரையான பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்களைப் பொஸ்டனுக்கு வென்று கொடுத்தார். எவரை நம்பி ரசலை விட்டார்களோ, அவர் இரண்டாண்டுகளில் இல்லாமற் போனார்.

பொருத்தம் என்ற சொல்லிலுள்ள பொறி இதுதான். எதனோடு பொருத்தம்? இன்று களத்தில் நிற்கும் நால்வரோடு என்றால், அந்நால்வரும் நிலையானவர்கள் என்று எண்ணுவதாகும். பத்தொன்பது, இருபது வயதில் வரும் இளைஞர் தம் முழு ஆற்றலை எய்த நாலைந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் உடன் ஆடுவோர் மூப்படைவர், காயமுறுவர், வேறு நகருக்கு மாற்றப்படுவர், பயிற்றுநரும் மாறிவிடுவார். போட்லண்டைப் பாருங்கள். ஜோர்டனுக்கு இடமில்லாது செய்த பக்ஸன் 1988இல் பொஸ்டனுக்கு மாற்றப்பட்டார். போவியை வரவேற்ற பயிற்றுநர் ஜக் ராம்சே 1986இலேயே விலகிவிட்டார். சிக்காகோவைப் பாருங்கள். ஜோர்டன் வந்தபோது அவரோடு ஆடியவர்கள் பட்டம் பெறக்கூடியவர்களல்லர்; முதல் மூன்று ஆண்டுகளும் தகுதிச் சுற்றின் முதற்படியிலேயே அக்கழகம் வெளியேற்றப்பட்டது. ஸ்கொட்டி பிப்பனும் ஹொரஸ் கிராண்டும் 1987இல் வந்தனர். பயிற்றுநர் ஃபில் ஜக்சன் 1989இற் பொறுப்பேற்றார். ஜோர்டன் எவருக்குப் பொருந்துவார் என்று எவரும் கேட்டுப் பயனில்லை. அவருக்குப் பொருந்துவோரையே பின்னர் ஏழாண்டு தேடிச் சேர்த்தனர்.

ஏற்கெனவே வலிமையுற்ற கழகம் ஒரு குறையை நிரப்ப ஆளைத் தேடினால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. 48 ஆட்டங்களில் வென்ற போட்லண்டுக்கு அந்த நியாயத்தை மறுக்க இயலாது. அடியிலிருந்து கட்டத் தொடங்கும் கழகத்துக்கோ நிரப்புவதற்குக் குறை என்று தனியாக ஒன்று இல்லை, எல்லாமே குறைதான். அதற்குப் பொருத்தம் பார்ப்பது, சுவர் எழும்புமுன் திரைச்சீலைக்கு அளவெடுப்பதற்கு ஒப்பாகும்.

இதே போட்லண்டுக்கு 2007இல் இவ்வினா மீண்டும் வந்தது வியப்பிற்குரியது. இம்முறை அது உண்மையாகவே எழுந்துகொண்டிருந்த கழகம். 32 ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்தது. நூற்றுக்கு ஐந்து வீதத்தைச் சற்றே கடந்த வாய்ப்பிருந்தும் குலுக்கலில் முதலிடம் வாய்த்தது. இரண்டாமிடம் சியாற்றிலுக்கு. நாடு முழுவதும் இரு பெயர்களைச் சுற்றியே விவாதம் நடந்தது. ஒருவர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏழடி மைய வீரர் கிரெக் ஓடன். மற்றவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் டூரண்ட். மெலிந்து நெடிதுயர்ந்த உடல், எத்தூரத்திலிருந்தும் தவறாத கை. தெரிவுக்கு முன் நடக்கும் உடற்பரிசோதனையில் 185 இறாத்தல் எடையை ஒருமுறையேனும் அவரால் தூக்க முடியவில்லை என்பது பெரிய செய்தியாயிற்று. எடை தூக்குவோரையா தேடினார்கள் என்று கேட்கத் தோன்றுகின்றது.

போட்லண்டிடம் முன்வரிசைக்கு லமார்க்கஸ் ஆல்ட்ரிட்ஜ் இருந்தார். கார்ட் இடத்துக்கு, அப்பருவத்தின் சிறந்த புதுமுக வீரரான பிரண்டன் ரோய் இருந்தார். நடுவில் ஒரு மைய வீரர் நின்றால் படம் முழுமையாகிவிடும் என்று தோன்றிற்று. ஓடனை எடுத்தனர். செப்டெம்பரில் அவருடைய முழங்காலிற் சத்திரசிகிச்சை; முதற் பருவம் முற்றாகக் கழிந்தது. போட்லண்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 82. அது ஒரு பருவத்துக்குரிய தொகை. டூரண்ட் நான்கு முறை சங்கத்தின் அதிகப் புள்ளி குவித்தவராகவும் 2014இல் அதன் மிகச்சிறந்த வீரராகவும் ஆனார். சியாற்றில் கழகம் அவரை எடுத்த அதே இரவில் தன் புகழ்பெற்ற மூத்த வீரர் ரே அலனைப் பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. பழையதைக் காப்பதற்காக அன்றி, வருபவரைச் சுற்றிப் புதியதைக் கட்டுவதற்காக அது டூரண்டை எடுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் பயனைச் சியாற்றில் மக்கள் நுகரவில்லை என்பது வேறு துயரம்: 2008இல் அக்கழகமே ஒக்லஹோமா நகருக்குப் பெயர்ந்துவிட்டது, 2012இல் இறுதிப் போட்டிக்குச் சென்ற அணியை அந்நகரத்தார்தாம் கொண்டாடினர்.

ஆற்றலிற் சிறந்தவரையே எடுக்க வேண்டும் என்று கூறுவது எளிது. எவர் சிறந்தவர் என்பதைத் துணிவதுதான் அரிது. அத்துணிவிலே மருத்துவருக்கும் ஒரு பங்கு உண்டு. போட்லண்டின் இரு தெரிவுகளும் பிழைத்தது கணக்கினால் மட்டுமன்று, எலும்பினாலும் மூட்டினாலுமாகும். 1984இல் போவியைப் பல மணிநேரம் பரிசோதித்த பின்னரே அக்கழகம் தெரிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், 2012இல் வெளிவந்த விவரணப்படத்தில் போவி ஓர் உண்மையைக் கூறினார். மருத்துவர் சிறு சுத்தியலால் தம் காலைத் தட்டி நோகின்றதா என்று வினவியபோது, இல்லை என்று விடையளித்ததாகவும், உள்ளே வலி இருந்ததாகவும் அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. இரண்டு ஆண்டுகள் கட்டுப்போட்ட காலோடு காத்திருந்த ஓர் இளைஞனிடம், அவன் வாழ்வும் குடும்பத்தின் வாழ்வும் தொங்கிநின்ற வினாவை விடுத்து, உண்மையை எதிர்பார்த்திருந்தனர். அவரைப் பொய்யர் என்று தூற்றுமுன் அந்த மேசையில் தாமே படுத்திருப்பதாக எண்ணிப் பார்ப்பது நன்று.

போவியின் பெயர் ஏளனத்துக்குரிய சொல்லாயிற்று. உண்மையில் அவர் பயனற்ற வீரரல்லர். முதற் பருவத்தில் 76 ஆட்டங்களில் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி பத்துப் புள்ளிகள் பெற்றார். கால் மீண்டும் மீண்டும் முறிந்தும் மீண்டும் மீண்டும் எழுந்து வந்து, பத்துப் பருவங்களில் 511 ஆட்டங்கள் ஆடினார். 1989இல் அவரைக் கொடுத்து நியூ ஜேர்சியிடமிருந்து போட்லண்ட் பெற்ற பக் வில்லியம்ஸ் என்பவரின் துணையோடுதான் அக்கழகம் 1990இலும் 1992இலும் இறுதிப் போட்டிக்குச் சென்றது. 1992இல் அதனை எதிர்த்து நின்றது சிக்காகோ. முதல் ஆட்டத்தின் முற்பாதியில் மட்டும் ஜோர்டன் முப்பத்தைந்து புள்ளிகள் பெற்றார். எதிரே நின்றவர் ட்ரெக்ஸ்லர். ஆறு ஆட்டங்களில் நான்கை வென்று சிக்காகோ பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

மூன்றாண்டுக்குப் பின், 1995 பெப்ரவரியில், போட்லண்ட் ட்ரெக்ஸ்லரை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஒருங்கே ஆடிய ஒலாஜுவோனும் அவரும் அங்கே மீண்டும் சேர்ந்தனர். ஜூனில் ஹூஸ்டன் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தோடு சாம் போவி லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார்.